துணிவும் துணிச்சலும்

பாலிகஞ்சில் வளரும் நம் பிள்ளைகளுக்கு 'சாகசம்' என்றால் வீரச்செயல். வங்காளத்தில் 'ஷாஹோஷ்' என்றால் தைரியம். பள்ளியில் அதைத்தானே கேட்கிறார்கள்? ஊரிலிருந்து வந்த பாட்டி "அவ சரியான சாகசக்காரி" என்றால் பிள்ளைகள் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொள்கின்றன. பாட்டி சொன்னதோ பாசாங்குக்காரி என்று!

வேர் ஒன்றுதான். வடமொழித் தரும நூல்களில் 'சாஹஸம்' ஒரு குற்றப் பிரிவு. கொலை, கொள்ளை, பெண்ணைப் பலவந்தம் செய்தல் எல்லாம் அதில் அடங்கும். அந்தக் குற்றச் சொல் வங்கத்தில் பாராட்டாக ஏறியது, நம்மிடம் பாசாங்காகவும் இறங்கியது. ஆனாலும் வங்காளி கோபத்தில் "எத்தோ ஷாஹோஷ்!" என்று கத்தினால் அது பாராட்டு இல்லை, பாருங்கள்.

நம் சொல் 'துணிவு'. துணிதல் என்றால் முதலில் வெட்டுப்படுதல், பிறகு முடிவு செய்தல். துணி என்பதே வெட்டிய துண்டுதான். ஜவுளிக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கத்தரி வைத்தபின் ஒட்ட முடியாது. அதனால்தான் வள்ளுவர் 467-ஆம் குறளில் எண்ணிப் பார்ப்பதை முன்னேயும் துணிவதைப் பின்னேயும் வைத்தார். பேச்சில் வரும் 'துணிச்சல்' இரண்டு பக்கமும் சாயும்; "என்ன துணிச்சல்டா உனக்கு!" என்று அப்பா சொன்னால் பையன் ஓடிவிடுவான். 'தறுகண்' கூட அப்படித்தான். தொல்காப்பியர் அதைக் கல்வி, புகழ், கொடையோடு சேர்த்துப் பெருமிதத்துக்குக் காரணமாக்கினார். அகராதியில் அதற்குக் கொடுமை என்ற பொருளும் உண்டு.

இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் பார்க்க சர் சி.வி. ராமனே போதும். தாரகநாத் பாலித் தம் பாலிகஞ்ச் வீட்டையும் நிலத்தையும் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்; பாலிகஞ்ச் சர்க்குலர் ரோடு அறிவியல் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. அவர் பெயரில் அமைந்த இயற்பியல் பேராசிரியர் பதவிக்கு வருகிறவர் வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும் என்பது நிபந்தனை. ராமன் போகமாட்டேன் என்றார். நிதித்துறையில் நல்ல சர்க்கார் சம்பளம் வாங்கியவர், அதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு வரப்போகிறவர், அதற்கும் நிபந்தனை பேசினார்! அசுதோஷ் முகர்ஜி நிபந்தனையைத் தளர்த்த வழி செய்தார். 1917-ல் ராமன் பதவியேற்றார். இழப்பு தன் பையிலிருந்து போனதால் இதைத் துணிவு என்பேன்.

1930-ல் நோபல் பரிசு அறிவிப்பு வருமுன்பே ஸ்டாக்ஹோம் போகக் கப்பல் டிக்கெட் எடுத்துவைத்தார் என்பார்கள். அது துணிச்சல் பக்கம்தான். பரிசு வந்துவிட்டது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை.