பாறணையும் புரதமும்

உண்ணா நோன்பை முடித்து முதலுணவு கொள்ளுதலைப் பாறணை என்பது சைவ வழக்கு. கந்தசட்டியில் ஆறு நாளும் நீரளவில் நிற்பார் ஏழாம் நாட் காலையிற் பாறணை செய்வர். அன்று இலையில் இடப்படும் கறிகளின் தொகையைக் கொண்டே இல்லத்தாரின் அன்பை அளப்பதும் உண்டு. மெலிந்த உடலுக்கு உடனே வேண்டுவது வலுவான உணவு; வலுவான உணவாவது புரதம் மிக்க உணவு என்னும் எண்ணம், நோன்பிருந்தாரைப் பேணுவாரிடத்து மட்டுமன்றி நோயாளரைப் பேணுவாரிடத்தும் வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் எத்துணைப் பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

உணவு நின்றபின், ஈரலிற் சேமிக்கப்பட்ட கிளைக்கோசன் ஏறத்தாழ ஒரு நாளில் தீர்ந்துவிடும். மூளைக்கோ குளுக்கோசு இடையறாது வேண்டும். கொழுப்பிலிருந்து அதனைப் போதியவளவு ஆக்க இயலாமையால், உடல் தன் தசைப் புரதத்தைச் சிதைத்து, அவ்வமினோவமிலங்களிலிருந்து குளுக்கோசை ஆக்குகின்றது. தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 75 கிராம் புரதம் இவ்வாறு செலவாகும். பட்டினி வாரக்கணக்கில் நீண்டால், கொழுப்பிலிருந்து தோன்றும் கீற்றோன்களை எரித்து வாழ மூளை பழகிக்கொள்ளும்; இழப்பும் 20 கிராம் அளவிற்கு இறங்கும். இழந்தது புரதமாதலின் அதனையே மிகுதியாக ஊட்டவேண்டும் என்று கருதுவது இயல்பே. ஆயினும், உண்ட புரதம் தசையாக மாறுவதற்குச் சத்தி வேண்டும். மாப்பொருளும் கொழுப்பும் அச்சத்தியைத் தராவிடின், வீடு கட்ட வந்த மரத்தை அடுப்பெரிப்பது போல, உடல் அப்புரதத்தையே எரித்துவிடும். அதன் நைதரசன் யூரியாவாகி வெளியேறவேண்டும். பட்டினியால் தளர்ந்த ஈரலும் சிறுநீரகமும் அச்சுமையை எளிதில் தாங்கமாட்டா.

மாப்பொருளையும் மிகுதியாக ஊட்டலாகாது. உணவு வந்தவுடன் இன்சுலின் பெருகும். குருதியிலுள்ள பொசுபேற்று, பொற்றாசியம், மகனீசியம் ஆகியன விரைந்து கலங்களுட் புகும். குருதியில் அவற்றின் அளவு திடீரென வீழ்ந்தால் இதயத்தின் இயக்கமே குலையும். தயமின் எனப்படும் விற்றமின் பீ 1-இன் தேவையும் அப்போது மிகும். பட்டினியைத் தாங்கிய ஒருவர் உணவு கிடைத்தபின் இறக்க நேர்வது இதனாலேயாம்.

1945 ஏப்பிரல் 15-இற் பிரித்தானியப் படையினர் செருமனியிலுள்ள பேர்கன்-பெல்சன் முகாமை மீட்டபோது இவ்வுண்மை பெருந்துயரோடு வெளிப்பட்டது. மீட்புக்குப் பின்னரும் பதின்மூவாயிரம் பேரளவில் மாண்டனர். தைபசு முதலிய நோய்கள் பெருங்காரணம். படையினர் இரக்கத்தால் வழங்கிய கொழுப்பு மிக்க உணவும் பலருக்குத் தீங்காயிற்று. செரிமானத்தை எளிதாக்கும் பொருட்டு முன்னரே சிதைக்கப்பட்ட புரதக் கரைசல்களைப் பரீட்சிக்க ஜனெற் வோன் என்னும் மருத்துவ அறிஞர் தம் குழுவினருடன் அங்குச் சென்றார். நோயாளர் அதன் சுவையை வெறுத்தனர். ஊசியையும் குழாயையும் கண்டு வதைமுகாமை நினைந்து அஞ்சினர். ஈற்றில், பாலைச் சிறுகச் சிறுக வாயால் ஊட்டுவதே மேல் என்று கண்டனர்.

அதே ஆண்டில் அமெரிக்காவின் மின்னெசோற்றாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் நடத்திய பரிசோதனை வேறொரு வகையில் விளக்கந் தருகின்றது. போரிற் கலந்துகொள்ள மனச்சான்று இடந்தராத இளைஞர் முப்பத்தறுவர் தாமே முன்வந்து 24 வாரம் அரைப்பட்டினி கிடந்து, தம் நிறையில் ஏறத்தாழக் காற்பங்கை இழந்தனர். பின்னர் 12 வாரம் வெவ்வேறு சத்தியளவுடைய உணவு பெற்றனர். ஒவ்வொரு பிரிவிலும் சிலருக்கு மேலதிகப் புரதமும் சிலருக்கு விற்றமினும் கூட்டப்பட்டன. உடல் தேறுதலைத் தீர்மானித்தது பெரும்பாலும் மொத்தச் சத்தியளவேயன்றி, கூட்டிய புரதமன்று. அவர்தம் உணவிலேயே புரதம் ஓரளவு இருந்ததாதலின், புரதம் வேண்டா என்பது இதன் கருத்தன்று.

கடும் போசாக்கின்மையுற்ற குழந்தைகளுக்கென உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த இரு பாற்கலவைகளில் இவ்வளவுமுறை தெளிவாகக் காணப்படும். முதற் கலவையின் 100 மில்லிலீற்றரில் 75 கலோரியும் 0.9 கிராம் புரதமுமே உள. பசி மீண்டு வீக்கம் வற்றத் தொடங்கிய பின்னரே, 100 கலோரியும் 2.9 கிராம் புரதமும் உடைய இரண்டாங் கலவை கொடுக்கப்படும். முன்னதிற் சத்தியின் இருபதிலொரு பங்கு புரதத்தினின்று வருகின்றது. பின்னதில் எட்டிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவாக வருகின்றது.

வளர்ந்தோருக்கும் நெறி அதுவே. ஐந்து நாளுக்கு மேல் ஏறத்தாழ ஒன்றும் உண்ணாதிருந்தார்க்கு முதலிரு நாளும் தேவையிற் பாதிக்கு மேற்படாமல் ஊட்டுக என இங்கிலாந்தில் 2006-இல் வெளியான மருத்துவ வழிகாட்டி விதிக்கின்றது. நலமுடைய ஒருவருக்கு நாளொன்றுக்கு நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 0.8 கிராம் அளவிற் புரதம் வேண்டும். எனவே 50 கிலோகிராம் நிறையுள்ளாருக்கு 40 கிராம். 300 கிராம் அரிசியில் 21 கிராம், 50 கிராம் பயற்றில் 12 கிராம், 200 மில்லிலீற்றர் பாலில் 7 கிராம் என இத்தொகை நிரம்பிவிடும். இதிற் பாதியளவு சோற்றினின்றே கிடைப்பதைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. மேலும், அரிசியிற் குறைந்த இலைசீன் என்னும் அமினோவமிலம் பயற்றில் மிக்குள்ளது. பயற்றிற் குறைந்த மெதையோனீன் அரிசியில் உண்டு. ஆகவே பயறு கலந்த கஞ்சி இரண்டின் குறையையும் தீர்க்கும்.

பாறணை நாளிலும் மறுநாளிலும் மேற்கூறியவற்றின் பாதியை ஐந்தாறு வேளையாகப் பகிர்ந்து, கஞ்சியாகவும் பாலாகவும் கொள்ளலாம். அதன்மேல் முழுவளவிற்கு நாளுக்கு நாள் ஏறுதல் தகும். நீரிழிவு, சிறுநீரக நோய் உடையாருக்கும் முன்னரே மிக மெலிந்தாருக்கும் இக்கணக்குப் பொருந்தாது. அவர்க்குரிய அளவை மருத்துவரே வரையறுத்தல் வேண்டும்.