சோலார் ஆப்ல பச்சை லைட் எரிஞ்சா மட்டும் போதுமா?

மாடியில சோலார் போட்டாச்சு, மானியம் வந்தாச்சு, லோன் இ.எம்.ஐ.யும் ஓடுது. ஆப்பைத் திறந்தா பச்சையா ‘நார்மல்’னு காட்டுது. வேற என்ன வேணும்னு நானும் இருந்தேன், சி.ஏ. படிச்சிருந்தும்!

எங்க வீட்டுல 3 கிலோவாட். கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு சராசரியா 4 யூனிட்ங்கிறது தமிழ்நாட்டுக்கான தோராயக் கணக்கு. அப்போ 12 வரணும். ஒரு சமயம் 9 தான் வந்துட்டிருந்தது. மேகமா இருக்கும்னு விட்டுட்டேன்.

அதே தெருவுல 5 கிலோவாட் போட்ட நண்பர், "எனக்கு 20 வருதே"ன்னார். மொத்த யூனிட்டை அப்படியே ஒப்பிடக் கூடாது, கிலோவாட்டால வகுக்கணும். அவருக்கு 4, எனக்கு 3. ஒரே தெரு, ஒரே வெயில். இனி மேகத்து மேல பழி போட முடியாது இல்லையா? ஏறிப் பார்த்தா, பக்கத்து வீட்டுல மாடி எடுத்துக் கட்டுறாங்க; பேனல் முழுக்க சிமென்ட் தூசி. வெயில் ஏறும் முன்னாடி தண்ணி விட்டுக் கழுவினேன், பழையபடி வந்துடுச்சு. இன்வெர்ட்டர் ஓடிட்டுத்தான் இருந்தது, அதனால ஆப் எதுவும் சொல்லலை.

தினம் 3 யூனிட்னா, இரண்டு மாச பில்லுக்கு 180 யூனிட். யூனிட் 5 ரூபாய்னு வச்சாலும் 900 ரூபாய். இ.எம்.ஐ. மட்டும் குறையாது.

இன்னொரு குழப்பம். ஆப் காட்டுற உற்பத்தியை அப்படியே சேமிப்புன்னு எடுத்துக்காதீங்க. நெட் மீட்டர்ல இறக்குமதி, ஏற்றுமதி ரெண்டு ரீடிங் இருக்கும். பில் எடுக்குற அன்னிக்கு ரெண்டையும் போட்டோ எடுங்க. உதாரணமா, இரண்டு மாசத்துல உற்பத்தி 720, ஏற்றுமதி 300. அப்போ நேரடியா வீட்டுல ஓடினது 420. இறக்குமதி 500னா, மொத்தச் செலவு 920. ஆனா பில் 500-லிருந்து 300 போக 200 யூனிட்டுக்குத்தான். தூசியில 180 போயிருந்தா இதே பில் 380 யூனிட்டுக்கு வரும், ஸ்லாபும் ஏறும்.

அதனால தெருவுலயோ அபார்ட்மென்ட்லயோ சோலார் வச்சிருக்கிற நாலு பேர் ஒரு வாட்ஸ்அப் குரூப் போடுங்க. வாரம் ஒரு தடவை கிலோவாட்டுக்கு எத்தனை யூனிட்னு மட்டும் எழுதினா போதும். ஸ்கிரீன்ஷாட் போடுறதா இருந்தா மின் இணைப்பு எண்ணை மறைச்சிடுங்க. வீட்டுப் பயன்பாட்டு கிராஃபை அனுப்பவே வேண்டாம். நீங்க ஊர்ல இல்லைங்கிறதை அதுவே காட்டிக் கொடுத்துடும்.

ஆப் கணக்கு உங்க இமெயில்ல இருக்கா, போட்டுக் கொடுத்தவர் பேர்லயான்னு இன்னிக்கே பாருங்க. அவர் பேர்ல இருந்தா மாத்தி வாங்குங்க. பேனலுக்கு 25 வருஷ பெர்ஃபார்மன்ஸ் வாரண்டின்னு சொல்லித்தானே வித்தாங்க? க்ளெய்ம்னு போய் நிக்கும்போது கையில மாசாமாசம் சேர்த்த எக்செல் ஷீட் இருக்கணும்.