பருவங்களே பாடமாகும் வீடுகள்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள வெர்மான்ட் ராஜ்யத்தில், பிப்ரவரி கழிந்து மார்ச் பிறக்கும் தறுவாயில், நீர் உறையும் இரவுக் குளிரும் பனி சற்றே இளகும் பகல் வெயிலும் மாறி மாறி வரத் தொடங்கியதும், மேப்பிள் மரங்களின் அடிமரத்தில் சிறு துளையிட்டு, குழாய் செருகி, வாளியைத் தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாக ஊறிவரும் நீரைச் சேகரிக்கும் வேலை ஊரெங்கும் ஆரம்பமாகிவிடும். பார்வைக்குத் தெளிந்த தண்ணீராகவே இருக்கும் அந்நீரில் சர்க்கரை நூற்றுக்கு 2 பங்கு அளவே உண்டு. நம் நாட்டில் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவதைப்போல அதை அகன்ற கொப்பரைகளில் மணிக்கணக்காகக் காய்ச்சி, 40 படி நீர் 1 படியாகச் சுண்டும்போதுதான் பொன்னிறமான பாகு கிடைக்கும். அந்தச் சில வாரங்களில், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் தாமே கற்பிக்கும் குடும்பங்களில், கணக்குப் புத்தகம் பெரும்பாலும் அலமாரியைவிட்டு இறங்குவதில்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளை காலையிலும் மாலையிலும் உஷ்ணமானியைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறது. எந்த மரம் எத்தனை வாளி கொடுத்தது என்று கூட்டுகிறது. இத்தனை நீருக்கு எவ்வளவு பாகு தேறும் என்று நாற்பதால் வகுக்கிறது. அதற்கும் இளையது காலி வாளியைத் தூக்கிக்கொண்டு, பனியில் கால் புதையப் புதையப் பின்னாலேயே நடக்கிறது. காய்ச்சி முடிந்ததும், சூடான பாகைத் தூய பனியின்மேல் ஊற்றி, இழுபடும் பதமாக அது இறுகியதும் முள்கரண்டியால் சுருட்டியெடுத்து, தித்திப்புத் திகட்டாமல் இருப்பதற்காக ஊறவைத்த வெள்ளரிக்காயையும் கடித்துக்கொண்டு, அக்கம்பக்கத்தாரோடு கூடி உண்பது அந்தப் பிரதேசத்தின் பழைய வழக்கம்.

இவ்விதக் குடும்பங்களில் பாடம் எங்கே முடிகிறது, பண்டிகை எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. அந்தக் கோடு இல்லாமையே அவ்வாழ்க்கையின் ஜீவநாடி என்று நான் கருதுகிறேன். வீட்டுக்கல்வி என்றவுடன், பள்ளிக்கூடத்தின் மேஜையையும் கரும்பலகையையும் மணியையும் வீட்டுக்குள் கொண்டுவந்து, தாயை உபாத்தியாயினியாக உட்காரவைக்கும் ஏற்பாடு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படித் தொடங்கும் குடும்பங்களும் உண்டு. ஆனால் கைக்குழந்தை ஒன்று தொட்டிலிலும், நான்கு வயதுப் பிள்ளை ஒன்று மேஜைக்கு அடியிலும் இருக்கும் வீட்டில் மணியடித்து நடத்தும் பாடசாலை நெடுநாள் நிலைப்பது அரிது. கால அட்டவணையின் இடத்தை அங்கே ருதுக்கள் எடுத்துக்கொள்கின்றன.

இது நேற்று முளைத்த விசித்திரமும் அன்று. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியே தீரவேண்டும் என்ற சட்டத்தை அமெரிக்காவில் முதன்முதலாக மாஸசூஸெட்ஸ் ராஜ்யம் இயற்றியது 1852ஆம் ஆண்டில்; கடைசியாக மிஸிஸிப்பி இயற்றியது 1918இல். அதற்கு முன் வீட்டிலேயே பயின்று புகழ்பெற்றோர் பலர். கான்கார்டு என்ற சிற்றூரில் பெரும்பாலும் தம் தந்தையிடமே கற்றுப் பின்னாளில் நாவலாசிரியையாக விளங்கிய லூயிஸா மே ஆல்காட் அவர்களில் ஒருவர். கட்டாயக் கல்வி, கோடிக்கணக்கான ஏழைக் குழந்தைகளுக்கு எழுத்தறிவைத் தந்த மகத்தான சீர்திருத்தம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆயினும் பள்ளிக்கூடம் எல்லாக் குழந்தைகளுக்கும் உகந்ததுதானா என்ற கேள்வி ஓயவில்லை. ஜான் ஹோல்ட் என்ற ஆசிரியர், வகுப்பறை அச்சத்தினால் குழந்தைகளின் அறிவு எவ்வாறு மழுங்குகிறது என்பதை 1964இல் வெளியான ஒரு நூலில் விளக்கி, பள்ளிகளைத் திருத்தப் பல ஆண்டுகள் வாதாடி, முடிவில் அந்நம்பிக்கையைக் கைவிட்டு, 1977இல் பாஸ்டன் நகரிலிருந்து வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்கென்றே ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். சமயப் பற்றுள்ள பெற்றோர்கள் வேறு காரணங்களுக்காக அதே பாதைக்கு வந்து சேர்ந்தார்கள். இன்று 50 ராஜ்யங்களிலும் இதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. நியூயார்க்கில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை கொடுக்கவேண்டும், டெக்ஸாஸில் அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டியதுகூட இல்லை. கொரோனா நோய் பரவிய 2020ஆம் ஆண்டின் வசந்தத்தில், பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் நூற்றுக்கு 5 என்ற அளவில் இருந்த வீட்டுக்கல்வி, அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் 11ஆக உயர்ந்தது என்று அந்நாட்டு ஜனத்தொகைக் கணக்கு இலாகா கண்டறிந்தது.

அன்றாட வாழ்க்கைக்கு வருவோம். இக்குடும்பங்களில் பல, பிரிட்டனில் 1842 முதல் 1923 வரை வாழ்ந்த சார்லட் மேஸன் என்ற அம்மையாரைக் குருவாகக் கொண்டிருக்கின்றன. ஏரிகளும் மலைகளும் சூழ்ந்த ஆம்பிள்சைட் என்ற ஊரில் 1892இல் ஒரு பயிற்சிசாலையை நிறுவிய அவர், ஆறு வயது நிரம்புமுன் முறைப்படியான பாடமே வேண்டாம் என்றும், அதுவரை குழந்தை நாளின் பெரும்பகுதியை வெட்டவெளியில் கழிக்கவேண்டும் என்றும், நல்ல பருவத்தில் தினம் நான்கைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் அது மரஞ்செடிகொடிகளுக்கு நடுவே இருக்கட்டும் என்றும் உபதேசித்தார். ஆறு வயதுக்குமேல் தொடங்கும் பாடமும் கால் மணி, இருபது நிமிஷம், அவ்வளவே. தாய் ஒரு நல்ல நூலிலிருந்து ஒரு பகுதியை ஒரே ஒரு முறை படிக்கிறாள். கேட்ட குழந்தை அதைத் தன் வார்த்தைகளில் திரும்பச் சொல்கிறது. ஒரு முறைதான் படிக்கப்படும் என்று தெரிந்த குழந்தை செவியைத் தீட்டிக்கொண்டு கேட்கிறது. பரீக்ஷை வைத்து மிரட்டிப் பெறமுடியாத ஏகாக்கிரதை அதனால் தானே வாய்க்கிறது. காலையில் கோழிகளுக்குத் தீனி வைப்பது, படுக்கையை மடிப்பது, பிறகு சிறு சிறு பாடங்கள், பகலுணவுக்குப்பின் வீடு முழுவதும் அமைதியாயிருக்கும் ஒரு மணி நேரம், அதன்பின் காடும் ஓடையும் என்று நாள் கழிகிறது. திரும்பி வந்த குழந்தை, கண்ட இலையையோ இறகையோ ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு வரைகிறது. ஆண்டுகள் கழித்து அதே ஏட்டைப் புரட்டினால், முதல் ராபின் பறவை எந்த ஆண்டு எந்தத் தேதியில் வந்தது என்று அந்தப் பிள்ளையே சொல்லிவிடும்.

பண்டிகைகளின் சிறப்பு குளிர்காலத்தில்தான் முழுமையாக விளங்கும். நவம்பர் 11ஆம் தேதி புனித மார்ட்டின் திருநாள். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தம் மேலங்கியை வாளால் இரண்டாக அறுத்துப் பாதியைக் கொடுத்தவர் என்று புகழப்படும் அந்த மகானின் நினைவாக, பல குடும்பங்களின் குழந்தைகள் தாங்களே காகிதத்தில் செய்த விளக்குகளை ஏந்தி, பொழுது சாய்ந்தபின் பாடிக்கொண்டே வரிசையாக நடக்கிறார்கள். இவ்வழக்கம் ஜெர்மன் நாட்டிலிருந்து வந்தது. 1919இல் ஸ்டுட்கார்ட் நகரத்துச் சிகரெட் ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக ருடால்ப் ஸ்டைனர் ஏற்படுத்திய பள்ளியும், அதைப் பின்பற்றிய பள்ளிகளும் இதைப் போற்றி வளர்க்க, அங்கிருந்து அமெரிக்க வீடுகளுக்குப் பரவியிருக்கிறது. அதே ஜெர்மனியில் வீட்டுக்கல்விக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும்.

அடுத்து வருவது கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். பசுந்தழை வளையத்தில் நான்கு மெழுகுவத்திகளை நாட்டி, முதல் வாரம் ஒன்று, அடுத்த வாரம் இரண்டு என்று ஏற்றிக்கொண்டு போகிறார்கள். சில இடங்களில் தரையில் பசுங்கிளைகளைச் சுருள் வடிவமாகப் பரப்பி, ஒவ்வொரு குழந்தையும் ஆப்பிள் பழத்தில் செருகிய மெழுகுவத்தியுடன் அதனுள்ளே தனியே நடந்து, நடுவிலுள்ள தீபத்திலிருந்து தன் திரியைப் பற்றவைத்து, திரும்பும் வழியில் ஓரிடத்தில் வைத்துவிட்டு வருகிறது. டிசம்பர் 6ஆம் தேதி இன்னொரு மகானின் திருநாள்; அதற்கு முந்தின இரவு குழந்தைகள் வாசலில் வைத்த காலணிகளில் காலையில் பழமும் கொட்டைகளும் இருக்கும். பைன் மரத்துக் காய்களில் வேர்க்கடலை விழுதைத் தடவித் தானியத்தில் புரட்டிப் பறவைகளுக்காகக் கிளைகளில் தொங்கவிடுவார்கள். ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலார், கிறிஸ்துமஸ் தினத்தில் பறவைகளைச் சுட்டு வீழ்த்தும் போட்டிக்குப் பதிலாகப் பறவைகளை எண்ணுவோம் என்று 1900இல் ஆரம்பித்துவைத்த கணக்கெடுப்பு இன்றுவரை ஆண்டுதோறும் நடக்கிறது. அதில் பெரியவர்களோடு குழந்தைகளும் தொலைநோக்கியும் கையுமாக நின்று எண்ணுகிறார்கள்.

வசந்தத்தில், மே மாதம் முதல் தேதி, பூக்கூடையை அயலார் வாசலில் வைத்துக் கதவைத் தட்டிவிட்டு ஓடி ஒளியும் விளையாட்டு ஒன்று உண்டு. கோடையில் தோட்டமும் மின்மினியும். செப்டம்பரில், எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த செடியின் இலையை மட்டுமே தின்னும், மோனார்க் என்ற பட்டாம்பூச்சியின் புழுவைக் கண்ணாடிச் சாடியில் வளர்த்து, கூட்டிலிருந்து பட்டாம்பூச்சி வெளிவந்ததும் பறக்கவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கான மைல் தாண்டி மெக்ஸிகோ மலைகளுக்கு அது போகும் வழியைப் படத்தில் விரலால் தொடர்வதே பூகோளப் பாடம்.

நான்கு வயதுக் குழந்தைக்கு ‘அடுத்த மாதம்’ என்று சொன்னால் ஒன்றும் விளங்காது. இன்னும் இரண்டு திரிகள் ஏற்றவேண்டும் என்றால் விளங்கும். காலம் என்ற அரூபமான பொருளைக் கண்ணால் காணவும் கையால் தொடவும் செய்து, காத்திருப்பதையே ஓர் ஆனந்தமாக்குகின்றன இப்பண்டிகைகள். வேண்டியது வேண்டிய கணத்தில் கடையிலிருந்து வீட்டு வாசலுக்கு வந்துவிடும் இந்நாளில், காத்திருக்கக் கற்ற பிள்ளை பெரும் செல்வம் படைத்தது என்பேன். அச்செல்வத்துக்கு ஆகும் செலவு காகிதம், மெழுகு, தழை, தானியம்; இவற்றையும் அலங்காரப் போட்டியாக்கிக் கடைச்சரக்கால் வீட்டை நிரப்புவோர் பண்டிகையின் பயனை இழந்துவிடுகிறார்கள்.

கஷ்டங்களை மறைக்கக்கூடாது. இந்த வாழ்க்கையின் பாரம் பெரும்பாலும் தாயின் தோள்மீதுதான் விழுகிறது. அவள் தன் உத்தியோகத்தையும் வருமானத்தையும் விடவேண்டியிருக்கிறது. ஒரே சம்பளத்தில் காலம் தள்ள முடியாத குடும்பம் இதை நினைத்துப் பார்க்கவும் இயலாது. வீட்டுக்குள்ளேயே வளரும் பிள்ளை துன்புறுத்தப்பட்டால் அதைக் கண்டுகொள்ள ஓர் ஆசிரியரின் கண் அங்கே இல்லை. ஆகையால் ஆண்டுக்கு ஒரு முறையேனும் அரசாங்கம் விசாரித்தறிவது நியாயமே, டெக்ஸாஸின் வழியைவிட நியூயார்க்கின் வழியே மேல் என்பது என் முடிவு. தனிமை என்ற குறைக்கு மட்டும் பண்டிகைகளே நல்ல மருந்தாக அமைகின்றன. விளக்கு ஊர்வலத்துக்கு ஒரு குழந்தை போதாது. பாகு காய்ச்சுவதற்கு ஒரு குடும்பம் போதாது. ஆகவே நூல் நிலையத்துக் கதை நேரத்திலும், வாரம் ஒரு முறை பல குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் கூட்டு வகுப்பிலும் பழகியவர்கள் ஒருவரையொருவர் தேடிப்போகிறார்கள்.

நம் வாசகர்களில் அநேகமாக எல்லோரும் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்புவார்கள், அனுப்புவதே நன்று. ஆனால் பொங்கலுக்கும் கார்த்திகைக்கும் நவராத்திரிக்கும் முந்தின வேலைகளைக் குழந்தைகள் பள்ளிக்குப் போயிருக்கும் வேளையிலோ அவர்கள் தூங்கியபின்போ முடித்துவைத்துவிடாதீர்கள். திரி திரிப்பதிலும் கொலுப்படி அடுக்குவதிலும் அவர்களுக்கென்று ஒரு பங்கை விட்டுவையுங்கள். அவர்கள் போட்ட கோலம் கோணலாக இருந்தாலும் அழித்துத் திருத்தவேண்டாம்.