பேங்க் வேல்யூவர் வர்றதுக்கு முன்னாடி: வீட்டு மதிப்பீடு இழுக்காம முடிய என்ன செய்யணும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னிக்கு டெக் இல்ல, வீடு.

அப்பா அம்மாவுக்காக எங்க ஊர் திருவண்ணாமலையில ஒரு பழைய வீடு பார்த்தேன். பேசின விலை 60 லட்சம். 3 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, மூணு மாசத்துல கிரயம் முடிக்கணும்னு அக்ரிமென்ட் போட்டாச்சு. முடிக்கலன்னா அட்வான்ஸ் போயிடும். லோன் ஃபைல் நல்லாதான் நகர்ந்துச்சு. ஆனா வீட்டை மதிப்பிடற கட்டத்துல போய் கிட்டத்தட்ட ஒரு மாசம் நின்னுடுச்சு. அதுல பாதிக்கு மேல என் தப்பு.

முதல் தடவை வேல்யூவர் சொன்ன தேதிக்கு யோசிக்காம "ஓகே சார்"னு சொல்லிட்டேன். அன்னிக்கு பௌர்ணமி! கிரிவலத்துக்கு லட்சக்கணக்குல ஜனம் வர்ற நாள், ரோடெல்லாம் திருப்பி விட்டிருப்பாங்க. வெளியூர்ல இருந்து வந்தவர் ஊருக்குள்ள நுழைய முடியாமலே திரும்பிட்டார். ரெண்டாவது தடவை வீட்டு வாசல்ல நின்னு எனக்கு போன் பண்ணார். நான் பெங்களூர்ல மீட்டிங்ல இருந்தேன். ஃபைல்ல இருந்தது என் நம்பர் மட்டும்தான்.

அவர் எதைப் பார்க்க வர்றார்?

மூணாவது தடவை அப்பா கூட இருந்தார். "சார், போன மாசம்தான் பெயின்ட் அடிச்சிருக்காங்க"ன்னு ஆரம்பிச்சார். வேல்யூவர் சிரிச்சுட்டார். "பெயின்ட் இருக்கட்டும் ஐயா, முதல்ல பத்திரத்தைக் காட்டுங்க."

மேட்டரே அதுதான். அவர் மூணு விஷயத்தை ஒப்பிடறார்: பத்திரத்துல என்ன இருக்கு, தரையில என்ன இருக்கு, அரசாங்கப் பதிவுல என்ன இருக்கு. நம்ம பாஷையில, மூணு ஃபைலுக்கு நடுவுல டிஃப் எடுக்கறார். எங்க இடிக்குதோ அங்க வேலை நிக்கும். அதனால அவர் வர்றதுக்கு முன்னாடி அந்த டிஃப்பை நாமளே எடுத்துடணும்.

முதல்ல சர்வே நம்பர்

பழைய பத்திரத்துல பழைய சர்வே நம்பர் இருக்கும். நகரப் பகுதியில நகர அளவை நடந்த பிறகு வார்டு, பிளாக், டவுன் சர்வே நம்பர்னு புது எண் வந்திருக்கும். ரெண்டும் ஒரே இடம்தான்னு காட்டற ஆவணம் கையில இல்லன்னா, கேள்வி மேல கேள்வி வரும். தமிழ்நாடு அரசோட இ-சர்வீசஸ் தளத்துல பட்டாவையும் நகர நில அளவைப் பதிவேட்டு விவரத்தையும் பார்க்கலாம். வில்லங்கச் சான்றை பதிவுத்துறை தளத்துல பார்த்துக்கலாம். பட்டா இன்னும் விக்கறவரோட தாத்தா பேர்லயே இருக்கான்னு முதல் நாளே பாருங்க. உட்பிரிவு செய்யணும்னா சர்வேயர் நேர்ல வந்து அளக்கணும், அதுக்கு நாள் பிடிக்கும்.

அளவையும் மாத்திப் பாருங்க. பத்திரத்துல சதுர அடி, பதிவேட்டுல சதுர மீட்டர். 1 சதுர மீட்டர்னா சுமார் 10.76 சதுர அடி. 1,200 சதுர அடி மனை அங்க 111.5 சதுர மீட்டர்னு இருக்கணும்.

கோயில் ஊர்ல இன்னொரு கேள்வி: அடிமனை யாரோடது? கட்டடம் சொந்தம், நிலம் கோயிலோடதுன்னா, அதை அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கணும்.

அப்புறம் நாலு எல்லை

எங்க பத்திரத்துல வடக்கு எல்லை "காலி மனை"ன்னு இருந்துச்சு. இப்போ அங்க ரெண்டு மாடி வீடு. அதுதான் அந்த மனைன்னு எப்படி உறுதி பண்றது? பக்கத்து வீட்டு அம்மா அவங்க பத்திரத்தோட ஜெராக்ஸைக் காட்டினாங்க, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சது. அக்கம்பக்கத்துல ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லி வைங்க.

பெரிய அடி: மாடி

பிளான் அப்ரூவல்ல தரைத்தளம் மட்டும்தான். மேல இருந்த ஒரு போர்ஷன் பின்னாடி கட்டினது, அனுமதி இல்ல. வேல்யூவர் நிலத்துக்குத் தனியா விலை போடுவார். கட்டடத்துக்கு இன்னிக்குப் புதுசா கட்டினா ஆகற செலவுல வயசுக்கான தேய்மானத்தைக் கழிப்பார். அனுமதி இல்லாத மாடியை எங்க கேஸ்ல அவர் கணக்குலயே எடுக்கல. ரிப்போர்ட்ல வந்தது 55 லட்சம்.

ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரைக்கும் உள்ள வீட்டுக் கடன்ல, சொத்து மதிப்புல அதிகபட்சம் 80 சதவீதம்தான் கடன். 60-க்கு 48 லட்சம் வரும்னு நினைச்சேன். 55-க்கு 44 தான். ஒரே ரிப்போர்ட்ல 4 லட்சம் குறைஞ்சுபோச்சு. முத்திரைத்தாள், பதிவுச் செலவு எல்லாம் தனி.

"கொஞ்சம் ஏத்திப் போடச் சொல்லேன்டா"ன்னு சொந்தக்காரர் ஒருத்தர் சொன்னார். அதைச் செய்யாதீங்க. ஏத்தின மதிப்புக்கு வாங்கற கடனை 20 வருஷம் கட்டப்போறது நாமதான். அளவுல உண்மையிலேயே தப்பு இருந்தா, ஆவணத்தோட எழுத்துல கேளுங்க. எங்க ரிப்போர்ட்ல தப்பில்ல. அதனால வீட்டு ஓனர்கிட்ட போய், "ஐயா, மாடிக்கு அனுமதி இல்ல, பேங்க் கணக்குல எடுக்கல"ன்னு உட்கார்ந்து பேசினோம். 2 லட்சம் குறைச்சார். மீதியை என் சேமிப்புல இருந்து போட்டேன். கெடு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது பதிவு முடிஞ்சது.

வேல்யூவர் வர்ற அன்னிக்கு

கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, அப்ரூவ்டு பிளான், வீட்டு வரி ரசீது, கரண்ட் பில். எல்லாத்துக்கும் ஒரு செட் ஜெராக்ஸ். பழைய பிளான்ல "நகராட்சி"ன்னு இருந்தா பதற வேண்டாம், திருவண்ணாமலை 2024-லதான் மாநகராட்சி ஆச்சு. எல்லா ரூம் சாவியும், மொட்டை மாடி சாவியும் கையில இருக்கட்டும். குடியிருக்கறவங்ககிட்ட முந்தின நாளே சொல்லிடுங்க. ஊர்ல இருக்கற ஒருத்தர் நம்பரை பேங்க்ல கொடுங்க. அவர் அளக்கும்போது பின்னாடியே போய் வீட்டோட பெருமை பேச வேண்டாம். கேட்டதுக்குப் பதில் சொன்னா போதும்.

தேதி குறிக்கறதுக்கு முன்னாடி காலண்டர்ல பௌர்ணமி என்னிக்குன்னு பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!