பேயை விடப் பூட்டின கதவுதான் பயம்

‘பிட்வீன் டூ ஃபயர்ஸ்’ நாவலை வாசிச்சு முடிச்சு ஒரு கிழமை ஆச்சு. இன்னும் மனசை விட்டுப் போகேல்ல. அமெரிக்க எழுத்தாளர் கிறிஸ்டோபர் பியூல்மன் எழுதி 2012இல் வந்த புத்தகம். எங்கட வீட்டில் பதினைந்து வயது மகள் கேட்டதால், முதலில் நானே வாசித்தேன்.

கதை நடப்பது 1348இல், பிரான்சில். கொள்ளைநோய் ஊர் ஊராக ஆட்களைக் கொன்றுகொண்டிருக்கிறது. தோமா ஒரு வீரன். கிரெஸி போரில் தோற்ற பக்கம் நின்றவன், இப்போது வழிப்பறிக்காரன். அவனிடம் ஒரு அநாதைச் சிறுமி வந்து சேர்கிறாள். அவள் முதலில் கேட்பது, செத்துப்போன அப்பாவைப் புதைக்க உதவி. பிறகு, குடிப்பழக்கமுள்ள ஒரு பாதிரியாரும் சேர, நோர்மண்டியிலிருந்து பாரிஸ் வழியாக அவிஞ்ஞோனுக்குப் பயணம். கடவுள் மௌனமாகிவிட்ட உலகில் பிசாசுகள் வெளியே வருகின்றன.

ஆற்றுக்குள் இருக்கும் பூதம், உயிர்பெறும் சிலைகள் எல்லாம் உண்மையிலேயே நடுங்க வைக்கும். ஆனால் என்னை உலுக்கியது வேறு: நோய்க்குப் பயந்து மனிதர் மூடிக்கொள்ளும் கதவுகள். இது கற்பனை இல்லை. அந்தக் காலத்தில் வாழ்ந்த போக்காச்சியோ, பெற்றோரே பிள்ளைகளைக் கைவிட்டதாக ‘டெக்கமெரான்’ நூலில் எழுதியிருக்கிறார். தோமாவோ சொந்தமில்லாத ஒரு பிள்ளைக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக மனிதனாகிறான். ஒரு பெற்றோராக அந்த இடங்களில் எனக்குத் தொண்டை அடைச்சது.

வரலாறு இன்னும் கொடியது. யூதர்கள் கிணறுகளில் நஞ்சு கலந்ததாகப் பழி சுமத்தினார்கள். அவர்களும் இதே நோயில்தானே சாகிறார்கள் என்று பாப்பரசர் ஆறாம் கிளமெந்து 1348இலேயே எடுத்துச் சொன்னார். ஆனாலும் 1349 பெப்ரவரியில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் நூற்றுக்கணக்கான யூதர்களை எரித்தார்கள். கொரோனா நேரம் பஸ்ஸில் ஆசிய முகங்களைக் கண்டு ஆட்கள் தள்ளி நின்றதை எங்கட பிள்ளைகளும் பார்த்தவைதானே. பயம் வந்தால் பழி சுமத்த யாரைத் தேடுவார்கள் என்று, சிறுபான்மையாக வாழும் நாங்கள் அவர்களுக்குச் சொல்லத்தான் வேணும். இந்தப் புத்தகம் அதற்கு ஒரு வழி.

சரி, பிள்ளைக்குக் கொடுக்கலாமா? தொடக்கத்திலேயே அந்தச் சிறுமி பாலியல் வன்முறைக்கு ஆளாகும் ஆபத்து வருகிறது. இரத்தமும் அழுகலும் நிறைய. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். என் கணக்கில் பதினாறு, பதினேழு வயது. அதுவும் நீங்கள் முதலில் வாசித்த பிறகு. மகளுக்கு “அடுத்த வருஷம், ரெண்டு பேரும் சேர்ந்து வாசிப்பம்” என்று சொல்லியிருக்கிறேன். முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறா, பரவாயில்லை.

வாசித்து முடித்த பிள்ளையிடம் “பேய்க்குப் பயந்தியா?” என்று கேட்காதீர்கள். “அந்த ஊரில் நீ இருந்திருந்தால், கதவைத் திறந்திருப்பியா?” என்று கேளுங்கள். கேட்கிற எங்களுக்கும் அந்தப் பதில் லேசில் வராது.