வேலைத்தலமும் நோயும்: யாரை மாற்றுவது?

கடந்த ஆண்டு எமது தொழிற்சாலையில் 'நலத்திட்டம்' ஒன்று தொடங்கப்பட்டது. காலடிகளை எண்ணும் கருவியொன்றை எல்லோருக்கும் மணிக்கட்டில் கட்டிவிட்டார்கள். இரவு முழுவதும் பொதியிடும் இயந்திரத்தின் முன் அசையாமல் நிற்கும் எனக்கு, 'இன்று போதிய அளவு நடக்கவில்லை' என்று அது விடிகாலையில் அறிவிக்கிறது. ஊரில் விலங்கியல் விரிவுரையாளனாக இருந்த பழக்கம் விடவில்லை. இத்தகைய திட்டங்களால் பயன் உண்டா என்று தேடிப்பார்த்தேன்.

சிருய் சோங், கதரின் பைக்கர் இருவரும் 2019 இல் வெளியிட்ட ஆய்வு இங்கு முக்கியமானது. அமெரிக்க விற்பனை நிறுவனமொன்றின் 160 கிளைகளில் 20 எழுமாறாகத் தெரிவுசெய்யப்பட்டு, அவற்றில் மட்டும் உணவு, உடற்பயிற்சி, மன அழுத்தம் பற்றிய பயிற்சிகள் நடத்தப்பட்டன. 18 மாதங்களின் பின், தாம் உடற்பயிற்சி செய்வதாகக் கூறியோர் அக்கிளைகளில் கூடியிருந்தனர். ஆனால் குருதியமுக்கம், கொழுப்பு, மருத்துவச் செலவு, வேலைக்கு வராத நாட்கள் எதிலும் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. எழுமாறான தெரிவு ஏன் அவசியம்? தாமாக முன்வந்து சேர்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே உடல்நலத்தில் அக்கறை கொண்டவர்கள். அவர்களை மட்டும் அளந்தால், இருந்த நலமே திட்டத்தின் வெற்றியாகத் தோன்றிவிடும்.

ஆளின் பழக்கத்தை மாற்றுவதா, இடத்தை மாற்றுவதா என்ற விவாதம் பழையது. அதில் தமிழரின் உடல்களும் சம்பந்தப்பட்டிருந்தன. 1901 இல் மலாயாவின் கிள்ளானுக்கு வைத்தியராக வந்த மல்கம் வாட்சன், மலேரியாவைக் கட்டுப்படுத்தக் கொயினாவை மட்டும் நம்பியிருக்காமல், சதுப்பு நிலங்களை வடியச் செய்தார். நோய் வெகுவாகக் குறைந்தது. பின்னர் அவர் கவனம் இறப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றது. அங்கு தொழிலாளரில் பெரும்பாலோர் தமிழர். மலைப்பாங்கான தோட்டங்களிலோ, காட்டை வெட்டியதும் காய்ச்சல் கூடியது. காரணம் நுளம்பின் இனம். சமநிலத்து நுளம்பு நிழலான சதுப்புநீரில் பெருகுவது. மலையில் நோய் பரப்பியது வெயில் படும் ஓடைகளில் பெருகுவது. ஆகவே அங்கு நிலத்தடிக் குழாய்களால் நீர் வடிக்கப்பட்டது. இடத்தை மாற்றுவதற்கும் இடத்தைப் பற்றிய அறிவு வேண்டும்.

இதை வெள்ளைக்கார வைத்தியரின் கருணையாக மட்டும் பார்க்கத் தேவையில்லை. காய்ச்சலில் கிடக்கும் கூலியால் தோட்டத்துக்கு நட்டம். முதலாளியின் கணக்கு அங்கும் உண்டு, இங்கும் உண்டு. எனினும் வேறுபாடு ஒன்றுள்ளது. வடிகால் பயன்தருவதற்குத் தொழிலாளியின் மனவுறுதி தேவைப்படவில்லை. இந்தக் கருவியோ முழுப் பொறுப்பையும் என்னிடமே தந்துவிடுகிறது. நாளை நான் நோயுற்றால், நடக்காதது என் குற்றமாகிவிடும்.

மலேரியாவையும் நீரிழிவையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வைக்க முடியாதுதான். நீரிழிவுக்கு ஒரு நுளம்பில்லை, காரணங்கள் பல. ஆனால் மாறிமாறி வரும் இரவு வேலை, உட்கார இருக்கையின்மை, குறுகிய இடைவேளை ஆகியவை எமது பழக்கங்கள் அல்ல, வேலைத்தலத்தின் ஏற்பாடுகள். அவற்றை மாற்றினால் என்ன நிகழும் என்று எமது நலத்திட்டம் கேட்கவேயில்லை.

அடுத்த தொழிற்சங்கக் கூட்டத்தில் இதைக் கேட்க எண்ணியுள்ளேன். மொழி தடுமாறும். ஆயினும் இயந்திரத்தருகே ஓர் இருக்கை வேண்டும் என்று சொல்வதற்கு அதிகம் சொற்கள் தேவையில்லை.