இரத்த தானம்: சோதனைகளுக்கு அப்பால் உள்ள பொறுப்பு

பிரிட்டனில் 1970களிலும் 80களிலும் அரசு மருத்துவமனைகளில் இரத்தமோ, இரத்தத்திலிருந்து தயாரிக்கப்பட்ட மருந்துகளோ பெற்ற 30,000க்கும் மேற்பட்டோருக்கு எச்ஐவி அல்லது ஹெபடைட்டிஸ் வைரஸ்கள் தொற்றின என்று, நீதிபதி சர் பிரையன் லாங்ஸ்டாஃப் தலைமையிலான விசாரணைக் குழு 2024ஆம் ஆண்டு மே மாதம் அறிவித்தது. அவர்களில் சுமார் 3,000 பேர் உயிரிழந்தனர். இந்தப் பேரிழப்பு பெருமளவில் தவிர்க்கப்பட்டிருக்கக் கூடியது என்பதே அந்த அறிக்கையின் சாரம். அன்றைய பிரதமர் ரிஷி சுனக் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார்.

அறிவியல் அன்று போதுமான அளவு வளர்ந்திருக்கவில்லை என்பது இதற்கான முழு விளக்கமாகாது. ஹீமோஃபீலியா நோயாளிகளுக்கு வழங்கப்பட்ட 'ஃபேக்டர் எட்டு' என்ற மருந்து, ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து தயாரிக்கப்பட்டது. ஒருவருக்குத் தொற்று இருந்தாலும் மொத்தத் தொகுதியும் மாசடையும். அதில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானது. அங்கு பணத்துக்காகப் பிளாஸ்மா கொடுத்தோரில் சிறைக் கைதிகளும் இருந்தனர். விலைக்கு வாங்கும் இரத்தம் ஆபத்தானது என்று பிரிட்டிஷ் சமூகவியல் அறிஞர் ரிச்சர்ட் டிட்மஸ் 1970ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருந்தார்.

சோதனைகளும் தாமதமாகவே வந்தன. ஹெபடைட்டிஸ் சி வைரஸ் 1989ஆம் ஆண்டு அடையாளம் காணப்பட்டது. அதே ஆண்டில் ஜப்பான் தானமாகப் பெறும் இரத்தத்தை அதற்காகச் சோதிக்கத் தொடங்கியது. பிரிட்டனில் அச்சோதனை 1991ஆம் ஆண்டு செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த வைரஸின் கண்டுபிடிப்புக்காக ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹூட்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவருக்கும் 2020ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சோதனை எவ்வாறு செயல்படுகிறது?

தொடக்க காலச் சோதனைகள் வைரஸை நேரடியாகத் தேடவில்லை. வைரஸை எதிர்த்து உடல் உருவாக்கும் எதிர்ப்பொருட்களையே அவை தேடின. தொற்று ஏற்பட்ட பின்னர் எதிர்ப்பொருட்கள் உருவாகச் சில வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் இரத்தத்தில் வைரஸ் இருக்கும், ஆனால் சோதனை 'தொற்று இல்லை' என்றே கூறும். மருத்துவர்கள் இதை 'விண்டோ பீரியட்' என்கின்றனர்.

எச்ஐவியைப் பொறுத்தவரை இந்த இடைவெளி சுமார் மூன்று வாரங்கள். வைரஸின் மரபணுப் பொருளையே பெருக்கிக் கண்டறியும் 'நாட்' எனப்படும் நியூக்ளிக் அமிலச் சோதனை அதைப் பத்து, பதினோரு நாட்கள் அளவுக்குக் குறைத்துள்ளது. ஹெபடைட்டிஸ் சி வைரஸுக்குப் பல வாரங்களாக இருந்த இடைவெளி சில நாட்களாகச் சுருங்கியுள்ளது. ஆனால் முற்றிலுமாக மறைந்துவிடவில்லை. மேலும், இது செலவு மிகுந்த சோதனை என்பதால் வளரும் நாடுகளின் எல்லா இரத்த வங்கிகளிலும் இல்லை.

சாத்தூர் சொல்லும் பாடம்

தமிழ்நாட்டின் சாத்தூர் அரசு மருத்துவமனையில் 2018ஆம் ஆண்டு டிசம்பரில் கர்ப்பிணிப் பெண் ஒருவருக்கு எச்ஐவி கலந்த இரத்தம் ஏற்றப்பட்டது. அந்த இரத்தத்தை வழங்கிய இளைஞர் 2016ஆம் ஆண்டிலும் இரத்தம் கொடுத்திருந்தார். அப்போதே அவருக்குத் தொற்று இருப்பது தெரியவந்தும், அவருக்கு அது தெரிவிக்கப்படவில்லை. வேலைக்கான மருத்துவப் பரிசோதனை ஒன்றில் உண்மையை அறிந்த அவரே மருத்துவமனைக்குத் தகவல் கொடுத்தார். சில நாட்களில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இங்கே தவறியது அறிவியல் அல்ல. முதல் சோதனை தன் பணியைச் செய்தது. அதன் முடிவு உரியவரைச் சென்றடையவில்லை. பிரிட்டனிலும் எச்சரிக்கைகள் இருந்தன, அவற்றின்பேரில் உரிய நேரத்தில் நடவடிக்கை எடுக்கப்படவில்லை. வசதி மிக்க நாட்டிலும், வளரும் நாட்டிலும் தவறு நேர்ந்த இடம் ஏறத்தாழ ஒன்றுதான்: தெரிந்த தகவலுக்கும் எடுக்கப்பட வேண்டிய நடவடிக்கைக்கும் இடையில்.

எனவே இரத்தத்தின் பாதுகாப்பு மூன்று தூண்களின் மீது நிற்கிறது. பணம் பெறாமல் முன்வரும் கொடையாளர், திறன் வாய்ந்த சோதனை, முடிவுகளைப் பதிவு செய்து உரியவருக்குத் தெரிவிக்கும் நிர்வாகம். இவற்றில் ஒன்று சரிந்தாலும் மற்ற இரண்டும் முழுமையாக ஈடுசெய்ய இயலாது.

இரத்தம் கொடுப்பதால் கொடையாளருக்குத் தொற்று ஏற்படும் என்ற அச்சம் தேவையற்றது, ஏனெனில் ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் ஊசிகளே இதற்குப் பயன்படுத்தப்பட வேண்டும் என்பது விதி. ஆனால் தமக்குத் தொற்று இருக்குமோ என்ற ஐயம் உள்ளவர்கள், அதை அறிந்துகொள்ளும் வழியாக இரத்த தானத்தைப் பயன்படுத்தக் கூடாது. அதற்கென உள்ள பரிசோதனை நிலையங்களையே நாட வேண்டும். முகாமில் கேட்கப்படும் கேள்விகளுக்கு உண்மையான பதிலளிப்பதும் தானத்தின் ஒரு பகுதியே. சோதனைக்கு எட்டாத அந்தச் சில நாட்களில், நோயாளியைக் காப்பது கொடையாளரின் நேர்மை மட்டுமே.